ஒரு வரியும் வெட்டாம ஒரு நாவலை மேடையேத்துங்க: தமிழ் நாடகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் தோழர்களே,

சென்னை, மதுரை, புதுச்சேரி, தஞ்சாவூர், கோவைன்னு எந்த ஊர்ல இருந்தாலும் சரி, மாசக்கணக்கா ஒத்திகை பாத்து, கைக்காசு போட்டு, ஹால் வாடகைக்கு அல்லாடி, கடைசியில ஒரு சாயங்காலமோ ரெண்டு சாயங்காலமோ தமிழ்ல நாடகம் போடுற எல்லா குழுவுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். நான் நாடகக்காரன் கிடையாது. செய்யாறு பக்கத்துல ஒரு கிராமத்துல பொறந்து வளர்ந்து, இப்ப வேலைக்காக நியூஜெர்சியில இருக்கேன். டிக்கெட் எடுத்து உக்காந்து பாக்குற ஆளு. அந்த இடத்துல இருந்து உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒரு தமிழ் நாவலை எடுத்து, ஒரு வரி கூட வெட்டாம, மொத பக்கத்துல இருந்து கடைசி பக்கம் வரைக்கும் மேடையில போடுங்க. எட்டு மணி நேரம் ஆகும்னா ஆகட்டும்.

ஏன் கேக்குறேன்னு சொல்றேன்.

2024 நவம்பர்ல ஒரு சனிக்கிழமை, நியூயார்க் பப்ளிக் தியேட்டர்ல ‘கேட்ஸ்’னு ஒரு நாடகம் பாத்தேன். எலிவேட்டர் ரிப்பேர் சர்வீஸ்ங்கிற குழு போட்டது. பேரைக் கேட்டா லிஃப்ட் ரிப்பேர் பண்ற கம்பெனி மாதிரி இருக்கும், ஆனா 1991ல ஜான் காலின்ஸ் ஆரம்பிச்ச நாடகக் குழு அது. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதி 1925ல வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலைத்தான் எடுத்திருக்காங்க. எடுத்திருக்காங்கன்னா கதையை எடுத்துக்கிட்டு வசனம் எழுதல, நாவலையே எடுத்திருக்காங்க, கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் வார்த்தை, ஒம்பது அத்தியாயம், எல்லாத்தையும் மேடையில வாசிக்கிறாங்க. நடுவுல ரெண்டு சின்ன இடைவேளை, சாப்பிட ஒரு பெரிய இடைவேளை, எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் பக்கம் வரும். மதியம் வெளிச்சத்துல உள்ள போனேன், வெளிய வரும்போது நல்ல இருட்டு, குளிரு, தெருவுல ஆள் நடமாட்டம் குறைஞ்சு போச்சு.

எப்படி ஆரம்பிக்குதுன்னு கேளுங்க. மேடையில மாளிகை, விருந்து, பளபளன்னு கார் எதுவும் இல்ல. ஒரு பழைய ஆபீஸ். இரும்பு அலமாரியில அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா ஃபைலு, ஒரு சோபா, ரெண்டு மேசை. ஒருத்தர் காலையில வேலைக்கு வர்றார், கம்ப்யூட்டரை ஆன் பண்றார், அது வரமாட்டேங்குது. திரும்பத் திரும்ப பண்ணிப் பாக்குறார். சும்மா உக்காந்திருக்க முடியாம மேசையில துழாவும்போது இந்த நாவலோட ஒரு பிரதி கிடைக்குது, திறந்து சத்தமா வாசிக்க ஆரம்பிக்கிறார். மொதல்ல ஒரு உணர்ச்சியும் இல்லாம, நாம பேப்பர்ல விளம்பரத்தை வாசிக்கிற மாதிரி. மத்த ஆளுங்க வர்றாங்க, போறாங்க, ஃபோன் எடுக்குறாங்க, ஃபைல் அடுக்குறாங்க, இவரை யாரும் கண்டுக்கல. அப்படியே கொஞ்ச நேரத்துல ஒரு சகஊழியர் சாதாரணமா ஏதோ செய்ய, அது இவர் வாசிச்ச வரியோட சரியாப் பொருந்திப் போவுது. கோல்ஃப் பத்திரிகை புரட்டிக்கிட்டு இருந்த பொண்ணு நாவல்ல வர்ற கோல்ஃப் ஆட்டக்காரி ஜோர்டான் ஆயிடுறாங்க. எதிர் மேசையில பேசாம உக்காந்திருந்த நெட்டையான மொட்டைத்தலை மனுஷன், நாவலோட நாயகனான பணக்காரன் கேட்ஸ்பி ஆயிடுறார். எந்த நிமிஷத்துல ஆபீஸ் போய் நாவல் வந்துச்சுன்னு என்னால இப்ப வரைக்கும் சொல்ல முடியல, நான் கண்ணைக் கூட எடுக்கல, ஆனா அந்த இடத்தைப் பிடிக்க முடியல.

வாசிக்கிறவர் ஸ்காட் ஷெப்பர்ட். நாவல்ல கதை சொல்ற நிக் கேரவேயும் அவர்தான். கேட்ஸ்பியா வர்றவர் ஜிம் ஃப்ளெட்சர். நாவல்ல “என்றான்”, “என்றாள்”னு வர்ற எல்லாத்தையும் சேர்த்துத்தான் வாசிக்கிறாங்க. ஒருத்தர் ஒரு வசனம் பேசி முடிச்ச உடனே ஷெப்பர்ட் ‘என்றாள்’னு சேர்ப்பார். மொத அரைமணி நேரம் அது தொந்தரவா இருந்துச்சு, எனக்கு மட்டுமில்ல, பக்கத்துல இருந்தவங்களும் நெளிஞ்சாங்க. அப்புறம் அதுவே தாளம் ஆயிடுச்சு. ஒரு இடத்துல வேணும்னே கொஞ்சம் லேட்டா சொல்வார், அரங்கமே சிரிக்கும். இன்னொரு இடத்துல ஒரு நடிகை கோவமா கத்திட்டு திரும்பி அவரைப் பாப்பாங்க, அவர் தயங்கித் தயங்கி சொல்வார், அந்த ஒரு சொல்லுக்குள்ள அவ்வளவு பயம்.

நான் உங்ககிட்ட முக்கியமா சொல்ல வந்த காட்சி நாலாவது அத்தியாயத்துல வருது. அந்த வருஷம் கோடையில கேட்ஸ்பி வீட்டு விருந்துக்கு வந்தவங்க பேரையெல்லாம் நிக் ஒரு பழைய ரயில் டைம்டேபிள் ஓரத்துல எழுதி வெச்சிருப்பான், அந்தப் பட்டியல் ரெண்டு பக்கத்துக்குப் போகும். வெறும் பேருங்க. யாரு யாரோட வந்தாங்க, யாரு பின்னாடி ஜெயிலுக்குப் போனாங்க, யாரு செத்தாங்கன்னு அங்கங்க ஒரு துண்டு சேதி. சினிமாவுக்கு எழுதுறவங்க மொத வேலையா இதைத்தான் கிழிச்சுப் போடுவாங்க, நாடகமா சுருக்கினாலும் அதேதான், கதை நகரலையே. இவங்க வெட்டல. முழுசா வாசிச்சாங்க. வாசிக்க வாசிக்க அந்தப் பேருங்க ஒரு கூட்டமா மாறி அந்தப் பாழடைஞ்ச ஆபீஸ்ல நெரிசலா நிக்கிற மாதிரி எனக்குத் தோணுச்சு. அப்புறம் கடைசி அத்தியாயத்துல கேட்ஸ்பியோட சாவுக்கு ஒருத்தரும் வரல. வேலைக்காரங்க, தபால்காரர், விருந்துல ஒரு ராத்திரி பாத்த கண்ணாடிக்காரர் ஒருத்தர், நிக், கேட்ஸ்பியோட அப்பா, அவ்வளவுதான். மதியானம் அந்த அத்தனை பேரையும் நான் காதால கேட்டிருக்கேன். அஞ்சு மணி நேரம் கழிச்சு, அவங்கள்ல ஒருத்தரும் வராத சாவுல உக்காந்திருக்கேன். அந்தப் பட்டியலை வெட்டியிருந்தா இந்த வலி எங்க இருந்து வரும்? சுருக்கின வடிவத்துல யாராவது ஒருத்தர் “யாருமே வரலையே”ன்னு வசனம் பேசியிருப்பாங்க, நாமளும் ஆமாம்னு தலையாட்டியிருப்போம்.

அந்த அப்பா பையில இருந்து ஒரு பழைய கதைப் புஸ்தகத்தை எடுத்துக் காட்டுவார். பையன் சின்ன வயசுல அதோட பின் அட்டையில ஒரு கால அட்டவணை எழுதி வெச்சிருக்கான், காலையில ஆறு மணிக்கு எழுந்திருக்கணும், உடற்பயிற்சி, படிப்பு, இத்தனை காசு சேமிக்கணும், அப்பா அம்மாகிட்ட நல்லபடியா நடந்துக்கணும்னு. கேட்ஸ்பியோட நிஜப் பேர் கேட்ஸ், வடக்கு டகோட்டாவுல ஒரு ஏழை வீட்டுப் பையன். நாடகத்துக்கு ‘கேட்ஸ்’னு பேரு வெச்சது எனக்கு அப்பத்தான் உறைச்சுது. 2010ல இதே பப்ளிக் தியேட்டர்ல போட்டப்ப அந்த அப்பா வேஷத்துல வந்தது ஜிம் ஃப்ளெட்சரோட சொந்த அப்பா. அதை முன்னாடியே எங்கயோ படிச்சிருந்ததால, நான் பாத்த அன்னைக்கும் அந்தக் காட்சியில எனக்கு ரெண்டு அப்பா தெரிஞ்சாங்க.

கடைசியில ஒண்ணு நடக்கும். காலையில இருந்து கையில புஸ்தகம் வெச்சிருந்த மனுஷன், முடிவு நெருங்க நெருங்க அதைப் பாக்குறதை நிறுத்திடுவார். புஸ்தகத்தை ஓரமா வெச்சிட்டு மிச்சத்தை நம்மளைப் பாத்து பேசுவார், பக்கம் பக்கமா, ஒரு சொல் மாறாம. அவருக்கு மொத்த நாவலும் மனப்பாடம். அந்த நேரத்துல எனக்கு நியூயார்க் நினைப்பே இல்ல, எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் திடல்தான் நினைப்பு.

இதைத்தான் உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன்.

எங்க பக்கம், அதாவது செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் சுத்து வட்டாரத்துல, கோடையில பாரதம் வைப்பாங்க. உங்கள்ல நிறைய பேருக்கு என்னை விட நல்லா தெரியும், கூத்துக்காரங்ககிட்ட போய்ப் பாடம் கேட்டவங்க நீங்க. பகல்ல பாரதப் பிரசங்கம். ஒருத்தர் வில்லிபாரதப் பாட்டை ராகம் போட்டுப் பாடுவார், பிரசங்கியார் அதுக்கு அர்த்தம் சொல்லி, கதை சொல்லி, ஊர் நடப்பை நடுவுல கோத்து, மறுபடியும் பாட்டுக்கு வருவார். ராத்திரி அதே கதை கூத்தா வரும், பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா விடிய விடிய. இப்படி நாள் கணக்கா போவும். அர்ச்சுனன் தபசு அன்னைக்கு தபசு மரம் ஏறுறதைப் பாக்க பக்கத்து ஊர் ஜனமெல்லாம் வரும். கடைசியில படுகளம், மண்ணால செஞ்ச பெரிய துரியோதனன் தரையில படுத்திருப்பான், அப்புறம் சாயங்காலம் தீமிதி. எங்க ஆயா பாயும் ஒரு தூக்குச்சட்டியும் எடுத்துக்கிட்டு என்னையும் இழுத்துக்கிட்டு போகும். நான் பாதி ராத்திரியில ஆயா மடியில தூங்கிடுவேன், முகவீணை சத்தத்துல முழிப்பு வரும், பாத்தா திரௌபதி இன்னும் சபையில நின்னுக்கிட்டு இருப்பா. தூங்குனது தப்புன்னு ஆயா சொன்னதே இல்ல, விட்ட எடத்தைக் காதுல சொல்லும்.

எட்டு மணி நேர நாடகத்துலயும் அதேதான் நடந்துச்சு. மூணாவது பகுதியில என் பக்கத்துல இருந்த வயசான அம்மா கொஞ்சம் கண் அசந்துட்டாங்க, முழிச்சதும் என் பக்கம் திரும்பினாங்க, நான் மெதுவா, கார் இப்ப அந்த பெட்ரோல் கடைகிட்ட வருதுன்னு சொன்னேன். அவங்க தலையாட்டிட்டு நிமிந்து உக்காந்தாங்க. சாப்பாட்டு இடைவேளையில அதே வரிசைக்காரங்க நாலு பேர் ஒண்ணா போய் ஆளுக்கொரு பீட்சா துண்டு சாப்பிட்டு வந்தோம், பேர் கூட கேட்டுக்கல, நிக் நல்லவனா இல்லையான்னுதான் பேச்சு. ரெண்டு மணி நேர நாடகத்துக்குப் போனா இது நடக்காது. பாத்தோம், கை தட்டினோம், பார்க்கிங்ல வண்டி எடுத்தோம்னு முடிஞ்சிடும்.

நம்ம ஆளுங்க அவ்வளவு நேரம் உக்காருவாங்களான்னு நீங்க கேப்பீங்க. உக்காந்தவங்க வீட்டுப் புள்ளைங்கதான் நாம. நம்ம மகாபாரதத்தை பீட்டர் புரூக்ங்கிற இங்கிலாந்து இயக்குநர் 1985ல பிரான்ஸ்ல அவினியோன் பக்கத்துல ஒரு கல் குவாரியில ஒம்பது மணி நேரம் போட்டார், உலகமே பேசுச்சு, பேச வேண்டியதுதான், ஆனா அதே கதையை வருஷா வருஷம் அதை விட நீளமா மண் தரையில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கிற ஜனம் நம்ம ஊர்ல இருக்கு. லண்டன்ல 1980ல ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி டிக்கன்ஸோட ‘நிக்கோலஸ் நிக்கிள்பி’ நாவலை எட்டரை மணி நேரம் போட்டுச்சு. இதெல்லாம் சாதனைன்னு அவங்க எழுதி வெச்சிருக்காங்க. நம்மகிட்ட பழக்கமாவே இருக்கு. கூத்துக்கு இருக்கிற அந்தப் பொறுமையை நாவலுக்கு நாம யாரும் இதுவரைக்கும் கேட்டுப் பாக்கல, அதுதான் என் ஆதங்கம்.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. பகல்ல வாசிக்கிற பிரசங்கியார், ராத்திரி நடிக்கிற கூத்துக்காரர், ரெண்டையும் ஒரே மேடையில ஒரே நேரத்துல கொண்டு வந்தா அதுதான் ‘கேட்ஸ்’. கூத்துல கதையை நடத்திக்கிட்டுப் போற கட்டியங்காரன் எப்படி ராஜாகூடவும் பேசுவான், நம்மகூடவும் பேசுவான், கதைக்குள்ளயும் இருப்பான், வெளியவும் இருப்பான், நிக் கேரவே செய்யறது அந்த வேலைதான். பின்பாட்டுக்காரங்க மாதிரி, ஒலி அமைப்பு பாக்குறவர் கூட மேடையிலயே ஒரு மேசை போட்டு உக்காந்து, நம்ம கண் முன்னாடியே சத்தம் குடுத்துக்கிட்டு, நடுவுல எழுந்து சின்ன வேஷமும் கட்டிட்டுப் போறார். எனக்கு அந்த மேடையில ஒண்ணுமே அந்நியமா தெரியல.

தமிழ்ல நாவலை மேடையேத்தலையான்னு கேட்டா, ஏத்தியிருக்கோம். ‘பொன்னியின் செல்வனை’ மேஜிக் லாண்டர்ன் குழு 1999ல நந்தனம் ஒய்எம்சிஏ திறந்தவெளியில போட்டாங்க, குமரவேல் நாடகமாக்கினது, பிரவீன் இயக்கினது. 2014ல மறுபடியும் சென்னையில பெரிய அளவுல வந்துச்சு. நாலு மணி நேரம் பக்கத்துல சனங்க அசையாம உக்காந்தாங்கன்னா அந்த உழைப்புக்கு எவ்வளவு கும்பிடு போட்டாலும் தகும், அதுவே பெரிய தைரியம். ஆனா அஞ்சு பாகம், ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல இருக்கிற ஒண்ணை நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டு வரணும்னா, யாரு செஞ்சாலும் சம்பவம்தான் மிஞ்சும், எழுதினவரோட குரலுக்கு இடம் இருக்காது. கல்கி நம்ம தோள்ல கை போட்டு, வாங்க இப்படிப் போவோம்னு கூட்டிக்கிட்டுப் போவார் இல்லையா, நான் அந்த நாவலைப் படிச்சது அந்தக் குரலுக்காகத்தான், வந்தியத்தேவன் அப்புறம்தான். நாவல்னா நமக்குக் கதைன்னு ஆயிடுச்சு. கதையைக் காப்பாத்திட்டா நாவலைக் காப்பாத்திட்டோம்னு நினைக்கிறோம். வாக்கியத்தை யாரு காப்பாத்துறது?

சரி, எந்த நாவல்? பாக்குறவனா என் ஆசையைச் சொல்றேன், முடிவு உங்களோடது.

மொதல்ல ‘வாடிவாசல்’. சி.சு. செல்லப்பா எழுதி 1959ல வந்தது. சின்ன நாவல். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல உக்காந்து நிறுத்தி நிதானமா சத்தமா வாசிச்சுப் பாத்தேன், மூணு மணி நேரம் பக்கமா ஆச்சு. கதை நடக்கிறதும் ஒரு மத்தியானப் பொழுதுதான், செல்லாயி கோயில் ஜல்லிக்கட்டு, வாடிவாசல்ல நிக்கிற பிச்சியும் மருதனும், கூட அந்தக் கிழவன், உள்ள ஜமீன்தாரோட காரிக் காளை. வாசிக்கிற நேரமும் கதைக்குள்ள ஓடுற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கு. காளையை மேடையில எப்படிக் காட்டுறதுன்னு கவலையே வேண்டாம், வாக்கியமே காளையா வந்து நிக்கும், ஆபீஸ் சோபா காரா ஓடினதை நான் கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன். அந்த மதுரைப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்து ஆளுங்களே வாசிச்சா எப்படி இருக்கும்னு நினைச்சாலே எனக்கு உடம்பு சிலிர்க்குது. மதுரைக்காரங்க இதைச் செய்யணும்.

ஆனா என் மனசுல நிஜமா இருக்கிறது ‘கமலாம்பாள் சரித்திரம்’. பி.ஆர். ராஜமய்யர் எழுதினது, ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில 1893ல இருந்து 1895 வரைக்கும் தொடரா வந்துச்சு. மாசா மாசம் வந்ததை அந்தக் காலத்துல எத்தனை வீட்ல ஒருத்தர் வாசிக்க மத்தவங்க கேட்டிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க, அது காதுக்குன்னே எழுதின எழுத்து மாதிரிதான் இருக்கு. எழுத ஆரம்பிச்சப்ப அவருக்கு இருவத்தொண்ணு வயசு பக்கம்தான், 1898ல இருவத்தாறு வயசுல செத்துப் போனார். ராஜமய்யருக்கும் செல்லப்பாவுக்கும் வத்தலக்குண்டுதான் ஊரு, அந்த மண்ணுக்கு என்ன ராசியோ. சிறுகுளம் கிராமத்துப் பொம்பளைங்க கூடி வம்பு பேசுற இடங்கள், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையோட தமிழ்ப் பாண்டித்தியம், பேயாண்டித் தேவன், அப்புறம் பாதிக்கு மேல முத்துஸ்வாமி ஐயர் எல்லாத்தையும் இழந்து போற அந்த இருட்டு. பின் பாதியில வேதாந்தம் வந்து கதை நின்னு போச்சுன்னு விமர்சகர்கள் சொல்வாங்க. படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அஞ்சு மணி நேரம் அந்த ஊர்ல அவங்ககூட இருந்துட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல அந்தப் பக்கங்களைக் கேட்டா அது வேற மாதிரி விழும்னு நான் நம்புறேன். கேட்ஸ்பி பட்டியல் எனக்குச் சொல்லிக் குடுத்தது அது. வெட்டத் தோணுற எடத்துலதான் நாவல் இருக்கு.

இதுல உரிமைப் பிரச்சனையும் கிடையாது, எழுதினவர் செத்து நூத்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ‘கேட்ஸ்’ குழு பட்ட பாடே அதுதான், ஃபிட்ஸ்ஜெரால்ட் தரப்புல இருந்து அனுமதி கிடைக்காம சொந்த ஊரான நியூயார்க்ல போட முடியாம, 2006ல பிரஸ்ஸல்ஸ்ல போய்த்தான் மொதல்ல போட்டாங்க. ஊர் ஊரா சுத்தி, 2010லதான் நியூயார்க் வந்தாங்க. நாலஞ்சு வருஷம் வெளியூர்லயே ஒரு எட்டு மணி நேர நாடகத்தைச் சுமந்துக்கிட்டு அலைஞ்சிருக்காங்க. 2012ல லண்டன். நான் பாத்தது நியூயார்க்ல இதுதான் கடைசின்னு அறிவிச்சுட்டுப் போட்டது, அப்பவும் அந்த ரெண்டு முக்கிய நடிகர்களும் அதே ஆளுங்க. செல்லப்பா நாவலுக்கு நீங்க குடும்பத்துக்கிட்டயும் பதிப்பாளர்கிட்டயும் முறையா கேக்கணும், கேளுங்க, எழுதினவங்களுக்குப் போக வேண்டியது போகட்டும்.

ஹால்தான் பெரிய தலைவலின்னு எனக்குத் தெரியும். நம்ம ஊர்ல ஹால் சாயங்காலக் கணக்குல வாடகைக்கு வரும், ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒம்பதுக்கு முடிச்சு, செட்டைப் பிரிச்சு, வாட்ச்மேன் லைட்டை அணைக்கிறதுக்குள்ள லாரியில ஏத்தணும். அதுக்குள்ள ஒரு நாவல் எப்படி அடங்கும். ஆனா பாருங்க, ‘கேட்ஸு’க்கு வேண்டிய செட்டே பழைய மேசை நாற்காலிதான். பப்ளிக் தியேட்டர் இருக்கிற லஃபாயெட் தெரு கட்டடம் ஒரு காலத்துல நூலகம், ஆஸ்டர் நூலகம்னு பேரு, அப்புறம்தான் நாடக அரங்கமாச்சு. அதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்தான் ஞாபகம் வந்துச்சு, மதுரையில 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு, புஸ்தகம் வாசிக்க வந்த ஜனங்க நடுவுல, ஒரு மேசையில ஒருத்தர் உக்காந்து கமலாம்பாளைச் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சா எப்படி இருக்கும். நாவலுக்கு நூலகத்தை விட வேற என்ன மேடை வேணும், போய்க் கேளுங்க. குடுக்க மாட்டேன்னு சொன்னா ஒரு கல்லூரி வகுப்பறை, ஒரு கல்யாண மண்டபம் ஆடி மாசத்துல சும்மாதான கிடக்கும், அது கிடைக்கும். ஒரே நாள்ல முடியாதுன்னா ரெண்டு நாளா பிரிச்சுக்குங்க, பாரதமே நாள் கணக்குல பிரிச்சதுதானே.

பாக்குறவங்களுக்காகவும் சிலது கேட்டுக்குறேன், எட்டு மணி நேரம் உக்காந்த அனுபவத்துல சொல்றேன். சாய்ஞ்சு உக்கார முடிஞ்ச நாற்காலி குடுங்க, பிளாஸ்டிக் நாற்காலின்னா கூட ஒரு மெத்தை வீட்ல இருந்து எடுத்து வரச் சொல்லுங்க, எடுத்து வருவாங்க. கழிப்பறை சுத்தமா இருக்கணும், பொம்பளைங்க பக்கம் வரிசை நீளும்னு மொதல்லயே தெரிஞ்சு இடைவேளையை அஞ்சு நிமிஷம் கூட்டி வைங்க. சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, கூட்டம் ஒண்ணா சாப்பிடுறதும் நாடகத்துல ஒரு அத்தியாயம்தான், புளிசாதமும் தயிர்சாதமும் போதும். சென்னைன்னா மெட்ரோ கடைசி வண்டி பதினோரு மணி பக்கம், அதுக்குள்ள முடியற மாதிரி காலையில சீக்கிரம் ஆரம்பிங்க, இல்லன்னா ஒரேயடியா ராத்திரி ஆரம்பிச்சு விடியக்காலம் மொத பஸ்ஸுக்கு முடிங்க, நடுவுல ஒரு மணிக்கு எல்லாரையும் தெருவுல விட்டுடாதீங்க. தூங்குறவங்களை எழுப்பாதீங்க. நடுவுல எழுந்து போய்ட்டு திரும்பி வர்றவங்களை விடுங்க. ஃபோனை மட்டும் வாசல்லயே வாங்கி வெச்சிடுங்க, கோவிச்சுக்குவாங்க, பரவால்ல.

வாசிக்கிற ஆள்தான் எல்லாம். அவருக்கு நல்ல குரல் வேணும்னு சொல்ல மாட்டேன், புரிஞ்சு வாசிக்கத் தெரியணும், ஒரு வாக்கியத்துல எங்க மூச்சு விடணும்னு தெரியணும். கூத்துப்பட்டறை மாதிரி இடங்கள்ல பயிற்சி எடுத்தவங்க, கட்டியங்காரன் கட்டுறவங்க, பாரதப் பிரசங்கம் பண்றவங்க, இவங்களை எல்லாம் ஒரே மேசையில உக்கார வெச்சு ஒரு அத்தியாயத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. பொம்பளை ஒருத்தர் வாசிச்சா இன்னும் நல்லது, கமலாம்பாளை ஒரு ஆம்பளைக் குரல்ல மட்டுமே கேக்கணும்னு என்ன இருக்கு. ஒரு வருஷம் ஆகும்னா ஆகட்டும். ‘கேட்ஸ்’ குழு 1999லயே இந்த யோசனையைக் கையில எடுத்து, ஏழு வருஷம் கழிச்சுத்தான் முழுசா மேடையேத்தினாங்க.

எங்க ஆயா இப்ப இல்ல. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா பாரதத்துல எந்த இடத்துல நிறுத்தினாலும் மேல சொல்லும். நாவல்னு ஒண்ணு இருக்குன்னே அதுக்குத் தெரியாம போச்சு, ஏன்னா யாரும் அதுக்கு வாசிச்சுக் காட்டல. இன்னைக்கும் தமிழ்ல நல்ல நாவல்கள் வாசிக்கத் தெரிஞ்ச கொஞ்ச பேருக்குள்ளதான் சுத்திக்கிட்டு இருக்கு. அன்னைக்கு ராத்திரி பப்ளிக் தியேட்டர் படியில இறங்கும்போது எனக்குத் தொண்டை அடைச்சது இதை நினைச்சுத்தான்.

யாராவது ஒரு குழு சரின்னு சொன்னா, ‘வாடிவாசலோ’ ‘கமலாம்பாளோ’ உங்க மனசுல இருக்கிற வேற எதுவோ, தேதியை மட்டும் மூணு மாசம் முன்னாடி சொல்லுங்க. லீவு போட்டு வர்றேன். டிக்கெட் பணம் போக, அன்னைக்குச் சாப்பாட்டுச் செலவை நான் ஏத்துக்குறேன். பந்தி பரிமாறவும் ஆளா நிக்கிறேன், வாசிப்பு மணி அடிச்சா மட்டும் என்னை உள்ள விட்டுடணும்.

அன்போட,
நியூஜெர்சியில இருந்து உங்க பார்வையாளன் ஒருத்தன்